மெயினை அணைக்காதீர்

“அந்தப் பன்னெண்டு மெஷினையும் ஓட வெச்சது எங்கப்பாதான்னு இன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீங்க சொல்லணும், பாக்.”

கறுப்புத் தொப்பியைத் தலைக்குக் கொண்டுபோன பாக் ஹெந்த்ரோவின் கை பாதியில் நின்றது. கெடிரியில் பெரியவர்களை மரியாதையாக ‘பாக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவரும் அம்பரும் மட்டும் நின்றிருந்தார்கள். பத்தடி தள்ளி, பாத்திக் துணிகளைச் சுற்றிக் கட்டி மறைத்திருந்த இடத்தில், வாழைத்தண்டுகளின் மேல் அப்பாவைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். செம்பில் மொண்டு ஊற்றும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

“இப்ப போய் இதையெல்லாம் பேசணுமாம்மா?”

“இன்னும் ஒரு மணி நேரத்துல அவரு மண்ணுக்குள்ள போயிடுவாரு. வேற எப்பப் பேசறது?”

“உங்கம்மா என்னைப் பேசச் சொன்னது குடும்பத்து சார்பா ரெண்டு வார்த்தை. மன்னிப்புக் கேட்கணும், அவருக்காக எல்லாரையும் துஆ கேட்கச் சொல்லணும். அதுல கம்ப்யூட்டரை எங்கம்மா நுழைக்கிறது?”

“ஒன்பது வருஷமா உங்க பேரை நுழைச்சீங்களே. அதே மாதிரிதான்.”

சொல்லிவிட்டாள். சொல்லவே கூடாது என்று அப்பா சொல்லிவைத்திருந்த ஒரே விஷயம் இதுதான். மற்றபடி அவர் எதற்கும் தடை போட்டதில்லை. பைக் ஓட்டு என்றார், படி என்றார், பிடிக்காத மாப்பிள்ளை வந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடு என்றார். இதை மட்டும், “கேட்டு வாங்குற பேரு நமக்கு வேணாம். என்னைக்கும் நீ அவர்கிட்ட இதைக் கேட்கக் கூடாது” என்றார். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கோபத்தில் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. இன்று விடிகாலைத் தொழுகைக்காகக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தவர், “நெஞ்சு என்னமோ மாதிரி இருக்கு” என்று கட்டிலில் சாய்ந்தார். அதோடு சரி. கொடுத்த வாக்கும் அதோடு முடிந்துவிட்டதாக அம்பர் எடுத்துக்கொண்டாள்.

பாக் ஹெந்த்ரோ தொப்பியைப் போட்டுக்கொண்டார். “எழுதினது நான்தானேம்மா” என்றார் மெதுவாக. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

*

ஒன்பது வருஷத்துக்கு முன்பு இந்தத் தெருவை அகலப்படுத்தினார்கள். அப்பா வாகிமினின் பைக் பட்டறை பாதி தெருவுக்குள் போய்விட்டது. மீதிப் பாதியில் ஒரு பைக்கைக்கூட நிறுத்த முடியாது. மெலாத்தி நெட் என்ற கேம் கடையை வைத்திருந்த பாக் ஹெந்த்ரோதான் அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பெருக்குவது, காப்பி போடுவது, விளையாட வருகிறவர்களுக்கு முட்டை உடைத்து ஊற்றி நூடுல்ஸ் செய்து கொடுப்பது. பிஸ்டன் கழற்றிய கையில் துடைப்பம்.

கடையில் இருந்த பன்னிரண்டு கம்ப்யூட்டரும் சுரபாயாவில் ஏதோ ஒரு ஆபீஸ் மூடியபோது ஏலத்தில் எடுத்தவை. அப்போதே பழசு. அந்த வருஷம் புதிதாக ஒரு சுடுகிற விளையாட்டு வந்தது. கெடிரியில் இருந்த பையன்கள் முழுக்க அதன் பின்னால் ஓடினார்கள். மெலாத்தி நெட்டில் அது நொண்டியது. நீ துப்பாக்கியைத் தூக்குவதற்குள் எதிராளி உன்னைச் சுட்டு, உன் பிணத்தின் மேல் குதித்து ஆடிவிட்டும் போயிருப்பான். அந்தச் சாலையில் இருந்த ஐந்து கடைகளில் மூன்று அந்த வருஷமே மூடின.

ஒருநாள் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: “இது இவ்வளவுதான் ஓடும்னு யார் சொன்னது?”

“கம்பெனி.”

“பைக்கையும் கம்பெனி ஒரு வேகம் வெச்சுத்தான் குடுக்குது.”

அந்த வாரமே ஆரம்பித்துவிட்டார். கம்பெனி எழுதிக் கொடுத்த வேகத்துக்கு மேலே ஒரு கம்ப்யூட்டரை ஓட வைப்பதை ஓவர்கிளாக் என்பார்கள் என்று அப்போது அவருக்குத் தெரியாது. ‘ஏத்துறது’ என்பார். மூன்றாவது வகுப்போடு நின்றவர். திரையில் வருவது முழுக்க இங்கிலீஷ். அதனால் அம்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையோடு அங்கேதான். அவள் படித்துச் சொல்வாள், அவர் ஐந்து ஐந்தாக ஏற்றுவார், அவள் நோட்டில் எழுதுவாள். வேகம் இவ்வளவு, கொடுத்த வோல்ட் இவ்வளவு, சூடு இவ்வளவு. அரை மணி நேரம் கடுமையாக ஓடவிட்டு, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். “பத்தாவது திணறுது. ரெண்டு படி இறக்கு” என்பார். திரையில் ஒரு பிழையும் இருக்காது. இறக்க மறந்தால், பத்து நிமிஷத்தில் பத்தாவது அணைந்துவிடும்.

சூட்டை இறக்க அவர் செய்ததை இன்றுவரை யாரும் முழுதாகச் செய்து அம்பர் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் மேல் உட்காரும் அலுமினியக் கட்டியைக் கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, வால்வு தேய்ப்பதுபோல் எட்டு எட்டாகத் தேய்ப்பார். முகம் தெரியும்வரை. ஒன்றுக்கு ஒரு நாள், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நாள். “பைக்குல ஹெட்டும் பிளாக்கும் ஒட்டலேன்னா என்ன ஆகும்? இங்கயும் அதேதான்.” பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை வெட்டி, கூரைத் தகரத்தில் குழாய் மடித்து வெளிக்காற்றைக் கொண்டுவந்தார்.

இரண்டரை கிகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் இருந்த வேகம் மூன்றரைக்கு ஏறியது. நான்காவதும் ஏழாவதும் அதையும் தாண்டின. கிராபிக்ஸ் கார்டை மட்டும் இரண்டு தடவை மாற்றினார்கள். மூளை அதே கிழடுதான். கெடிரியின் மற்ற எல்லாக் கடைகளும் மூடிய பிறகும் மெலாத்தி நெட்டில் உட்கார இடம் கிடைக்காது.

அதைத்தான் பாக் ஹெந்த்ரோ எழுதினார். நன்றாக எழுதுவார், பழைய நிருபர். கேம் ஆடுகிறவர்கள் கூடும் ஓர் இணையத்தளத்தில், அம்பரின் நோட்டிலிருந்த எண்களை வரிசையாகப் போட்டு, தேய்த்த கதையையும் தகரக் குழாய்க் கதையையும் சேர்த்து, ‘ஹெந்த்ரோ முறை’ என்று தலைப்பு வைத்தார். நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். ‘குரு’ என்று கூப்பிட்டார்கள். மக்காசரிலிருந்து ஒருவன் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போக நேரிலேயே வந்தான். அன்று அப்பா அவனுக்கு நூடுல்ஸ் செய்து கொடுத்தார். முட்டை இரண்டு போட்டார்.

*

பாடை வாசலில் நின்றது. மேலே பச்சைத் துணி, அதன் மேல் மல்லிகைச் சரம். தெருக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளிலிருந்து எழுந்து நின்றார்கள். பாக் ஹெந்த்ரோ மைக்கைப் பிடித்தார்.

“வாகிமின் நல்ல உழைப்பாளி. ஒன்பது வருஷத்துல ஒருநாள்கூடக் கோபமா ஒரு சொல் சொன்னதில்ல. குடுத்த வேலையைத் தட்டாம செய்வார்…”

குடுத்த வேலை.

அம்பர் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. தெரிந்தும் தெரியாமலும் ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னியுங்கள் என்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்:

“இவர் நல்லவரா?”

“நல்லவர்!” என்றது தெரு.

“நல்லவரா?”

“நல்லவர்!”

மூன்றாவது தடவைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. செத்துப்போன எல்லோருக்கும் இந்தத் தெரு இதையேதான் சொல்கிறது. போன மாதம் பெண்டாட்டியை அடித்தே காலம் தள்ளிய ஒருவனுக்கும் இதே சத்தத்தில்தான் சொன்னது. நல்லவர் என்று சொல்ல ஆளா இல்லை? வல்லவர் என்று ஒருத்தர் சொல்லலாமே.

“அம்பர், குனி” என்றார் சித்தப்பா.

பாடையைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்கள். பிள்ளைகள் மூன்று முறை அடியில் நுழைந்து போக வேண்டும். இருப்பது அவள் ஒருத்தி. முதல் சுற்றில் அவளுக்குத் தெரிந்தது தூக்கியவர்களின் மணிக்கட்டுகள்தான். இருபுறமும் மெலாத்தி நெட்டின் ஆட்கள். மேஜை விளிம்பில் வருஷக்கணக்காக அழுந்தி, எல்லோருக்கும் வலது மணிக்கட்டில் ஒரே இடத்தில் காய்ப்பு. சிகரெட் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிற சிகித் முன்னால் நின்றான். ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். சட்டையில் கிராம்பு வாசனை.

இரண்டாவது சுற்றில் அவன் உதட்டை அசைக்காமல், “அவர் சொல்லாட்டி என்னக்கா? எங்களுக்குத் தெரியும்” என்றான்.

“தெரிஞ்சு? ஒன்பது வருஷமா வாயில என்ன வெச்சிருந்தீங்க, நூடுல்ஸா?”

மூன்றாவது சுற்றில் அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். கழுத்து சிவந்திருந்தது.

பாடை திருப்பம் தாண்டிப் போகும்வரை அம்மா வாசற்படியில் நின்றாள். அழவில்லை. “தலையை யாரு வாரிவிட்டா?” என்று மட்டும் கேட்டாள்.

“நான்தாம்மா.”

“வலப்பக்கம் வகிடா?”

“வலப்பக்கம்தான்.”

அம்மா தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

*

மதியம் மூன்று மணிக்கு மேல் பாக் ஹெந்த்ரோ மறுபடி வந்தார். சாயங்கால துஆவுக்கு வருகிறவர்களுக்காகப் பெண்கள் வாழையிலையில் சோறு மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சமையலறை வாசலில் நின்று தொப்பியை இரண்டு கையாலும் உருட்டினார்.

“சார்மி அக்கா, மன்னிக்கணும்” என்றார் அம்மாவிடம். “ அம்பர்கிட்ட ஒண்ணு கேட்கணும். மெஷின் எல்லாம்… பழையபடி ஆயிடுச்சு.”

“பழையபடின்னா?” என்றாள் அம்பர், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

“முதல் நாள் மாதிரி. ஏலத்துல எடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி. பன்னெண்டும்.”

“கரண்ட் போச்சா?”

“போகல. நான்தான்… காலைல சேதி கேட்டதும் மெயினை அணைச்சுட்டேன். மரியாதைக்கு. கடையில விளக்கு எரியக் கூடாது இல்லையா?”

அம்பர் நிமிர்ந்து பார்த்தாள். மெயின் சுவிட்சுக்கு மேலே ஒன்பது வருஷமாக ஓர் அட்டை தொங்குகிறது. ‘மெயினை அணைக்காதீர்.’ அவள் பதினான்கு வயதில் எழுதியது. கீழே ‘வாகிமின்’ என்று அப்பா தன் கையால் போட்டது. கடைசி எழுத்து அட்டையில் இடம் போதாமல் சுருங்கியிருக்கும்.

“அட்டையைப் பார்த்தேம்மா” என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்பே. “செத்தவருக்கு மரியாதை செய்யறப்ப அதெல்லாம் பார்க்கத் தோணுமா?”

கரண்ட் போனால் அந்த மெஷின்கள் ஏற்றி வைத்த எல்லாவற்றையும் மறந்துவிடும். இது கடையில் எல்லோருக்கும் தெரிந்தது. பழைய போர்டு, அப்படித்தான் என்பார் அப்பா. தேதிகூட மறந்துபோய், பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய் நிற்கும். “மறுபடி சின்னப் பையன் ஆயிட்டோம்டா” என்று விளையாடுகிறவர்கள் கத்துவார்கள். பிறகு தெருவில் வந்து நின்று, வாகிமினைச் சுருக்கி, “பாக் மி…ன்!” என்று கூவுவார்கள். மூலையில் பக்ஸோ என்கிற இறைச்சி உருண்டை சூப் விற்கிற தள்ளுவண்டிக்காரர் அதை வாங்கி, “பாக் மி…ன்!” என்று இந்தச் சந்துக்குள் அனுப்புவார். இங்கே குளத்தடியில் துவைக்கிறவர்கள் வாங்கி வீட்டுக்கு அனுப்புவார்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு மூன்று முறை இந்த வட்டாரம் முழுக்க அவர் பெயர்தான்.

அவர் உடனே எழுந்து ஓட மாட்டார். காப்பியை முடிப்பார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வார். கண்ணாடி முன்னால் நின்று வகிடு எடுப்பார்.

“அங்க கத்திட்டிருக்காங்க, சீக்கிரம் போங்கப்பா” என்று அவள் எரிந்து விழுவாள்.

“இன்னொரு தடவ கூப்பிடட்டும்” என்பார்.

“நாளைக்குப் போட்டிம்மா” என்றார் பாக் ஹெந்த்ரோ. “பிலிதார்லேர்ந்து, துலுங்காகுங்லேர்ந்து எல்லாம் ஆள் வர்றாங்க. அந்த நோட்டு இருக்கா? நானே பார்த்துப் போட்டுடலாம்னு… இணையத்துல இருக்கறதை வெச்சு முயற்சி பண்ணினேன். ஒண்ணும் எழும்பல.”

“உங்க முறை உங்களுக்கே எழும்பலையா?”

இலை மடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இருமினாள். அம்மா அம்பரைப் பார்த்தாள். “போய்ட்டு வா” என்றாள். “அப்பா இருந்தா போயிருப்பாரு.”

“அப்பா இருந்தா முதல்ல காப்பி குடிப்பாரு.”

அவள் எழுந்து காப்பி கலந்தாள். தூள் அடியில் தங்கும்வரை காத்திருந்து குடித்தாள். உள்ளே போய்ச் சட்டை மாற்றினாள். அப்பாவின் சீப்பில் இரண்டு நரைமுடி சிக்கியிருந்தது. அதை எடுக்காமலே தலை வாரிக்கொண்டாள்.

“அம்பர்?” என்று வெளியிலிருந்து கூப்பிட்டார் பாக் ஹெந்த்ரோ.

அவள் சீப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். கதவிடுக்கு வழியே அம்மாவின் முகம் தெரிந்தது. அன்றைக்கு முதல்முறையாக அதில் ஏதோ ஒன்று இளகியிருந்தது.

“அம்பர்…!”

“வர்றேன், பாக்.”

*

மெலாத்தி நெட்டின் வாசலில் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். புதைத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் இங்கேயே இருந்தவர்கள். கால்களில் செம்மண். சிகித் எழுந்து வழிவிட்டான். உள்ளே பன்னிரண்டு திரையும் ஜனவரி ஒன்றாம் தேதியில் நின்றன.

“முதல்ல எழுதுங்க” என்றாள்.

“இப்பவா?”

“‘இதைச் செய்தவர் வாகிமின்.’ ஒரு வரி. அப்புறம்தான் கை வைப்பேன்.”

வாசலில் குந்தியிருந்தவர்கள் எல்லாம் அவரையே பார்த்தார்கள். அவர் கல்லா மேஜையில் உட்கார்ந்து, அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

“முழுப் பேரும்மா?”

“வாகிமின்.”

“அது தெரியும். அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. அவங்க வீட்டுல அவ்வளவுதான் வெச்சாங்க. அவர்கிட்ட இருந்தது ஒரே ஒரு பேரு, பாக்.”

அவர் தலையைக் குனிந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். “வாட்ச் கடைக்காரன்கிட்ட விசாரிச்சேன். பழைய போர்டுல பட்டன் பேட்டரி செத்துப்போனா இப்படித்தான் எல்லாத்தையும் மறந்துடுமாம். புதுசு பன்னெண்டு வாங்கியாந்திருக்கேன். இதை மாட்டிட்டு ஒரே ஒரு தடவ ஏத்திக் குடுத்துடு. அப்புறம் கரண்ட் போனாலும் நிக்கும். யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல.”

இது அப்பாவுக்கு எப்படித் தெரியாமல் போனது? இவ்வளவு சின்ன விஷயம். ஒரு கணம் அவளுக்கு வலித்தது. மூன்றாவது வகுப்பு. அவ்வளவுதானே, என்ன செய்வது.

முதல் மெஷினின் மூடியைக் கழற்றினாள். தகரக் குழாய் பளபளவென்று இருந்தது. டார்ச்சை அடித்துப் பேட்டரி இடத்தைத் தேடினாள்.

செத்த பேட்டரி இல்லை. பேட்டரியே இல்லை.

வட்டமான குழி காலியாக, தூசுகூட இல்லாமல் இருந்தது. துருவில்லை, பச்சை பூக்கவில்லை. பித்தளைக் கவ்வி வளையாமல் நிமிர்ந்திருந்தது. இரண்டாவதைத் திறந்தாள். காலி. மூன்றாவது, நான்காவது. ஏழாவதைத் திறக்கும்போது அவள் கை வேகமாகியிருந்தது. பன்னிரண்டும் காலி.

அப்பாவின் டூல் பெட்டி நூடுல்ஸ் அடுப்புக்குக் கீழே அதே இடத்தில் இருந்தது. உப்புத்தாள், கண்ணாடித் துண்டு, இறுக்கி மூடி வைத்த கிரீஸ் டப்பா. டப்பாவில் கிரீஸ் இல்லை. சிகரெட் பெட்டிக்குள் வருகிற வெள்ளித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய பன்னிரண்டு பட்டன் பேட்டரிகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். ஒன்று, இரண்டு, மூன்று. எழுத்து சரியாக வராது என்றாலும் அப்பாவுக்கு எண்கள் அழகாக வரும்.

ஒன்பது வருஷம். எத்தனை மழை, தெருவில் எத்தனை ‘பாக் மி…ன்!’ ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டையும் ஒன்றிலிருந்து மறுபடி ஏற்றினார், நோட்டைக்கூடப் பார்க்காமல். கடைக்குள் நுழையும்போது எல்லோரும் எழுந்து வழிவிடுவார்கள். இந்த மனுஷன்தான், கேட்டு வாங்குற பேரு வேணாம் என்றது.

அம்பருக்கு என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. அழுகை என்று நினைத்து வாயைப் பொத்தினாள். சிரிப்பு.

“என்னம்மா ஆச்சு?” என்றார் பாக் ஹெந்த்ரோ.

“ஒண்ணுமில்ல. தூசி.”

டப்பாவை மூடினாள். மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி மாட்டினாள். முதல் மெஷினின் முன்னால் உட்கார்ந்தாள். நோட்டு வீட்டில்தான் இருந்தது, எடுத்து வரவே இல்லை. விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். மூன்றாவதுக்கு வோல்ட் கொஞ்சம் கூட வேண்டும். நான்காவது எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பத்தாவதை இரண்டு படி இறக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டும் எழுந்தன. அவள் ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடித் திறந்தாள்.

சிகித் ஏழாவதில் உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தான். திரையின் மூலையில் நொடிக்கு இத்தனை படம் என்று காட்டும், அறுபதில் கிடந்து நொண்டிய எண் சட்டென்று நூற்றுப்பத்தைத் தாண்டியது. அவன் கையைத் தூக்கினான். ஆனால் கத்தவில்லை, சாவு நாள். பின்னால் நின்றவர்கள் திரையை நோக்கிக் குனிந்தார்கள். ஒருத்தன் மட்டும் அடித்தொண்டையில், “கிழட்டு எருமை எப்படிப் பாயுது பாரு” என்றான்.

“எழுதிட்டேம்மா, பாரு” என்று பாக் ஹெந்த்ரோ திரையை அவள் பக்கம் திருப்பினார். ‘இந்த முறையை மறைந்த வாகிமின் அவர்களின் உதவியுடன் உருவாக்கினேன்.’ அவர் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. “அனுப்பிடவா?”

காலையில் என்றால் அந்த ‘உதவியுடன்’ என்ற சொல்லுக்காக அவள் மேஜையைக் கவிழ்த்திருப்பாள்.

“அழிச்சிடுங்க, பாக்.”

“ஏன்? ‘உதவி’ வேண்டாம்னா எடுத்துடறேன். நீதானேம்மா காலைல…”

“கேட்டு வாங்குற பேரு எங்களுக்கு வேணாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். எதையோ தவறவிட்டுவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது. எது என்று தெரியவில்லை. “பேட்டரி எல்லாம் மாட்டிட்டியா?”

“இந்த போர்டுக்கு இது சேராது. பழசு.”

பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள். மெயின் சுவிட்சின் மேலே சாய்ந்து தொங்கிய அட்டையை நேராக்கினாள்.

வாசலில் சிகித் அவளை மறித்தான். “அக்கா, மழைக்காலம். இனி கரண்ட் போனா யாரைக் கூப்பிடறது?”

“இத்தனை வருஷம் யாரைக் கூப்பிட்டீங்க?”

“பாக் மின்னை.”

“அப்ப அந்தப் பேரையே கூப்பிடுங்க.”

“அவர்தான்…” அவன் நிறுத்திக்கொண்டான். அவள் கையிலிருந்த டப்பாவையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “நீ வருவியா?”

“சத்தமாக் கூப்பிடணும். பக்ஸோக்காரருக்குக் காது மந்தமாயிட்டு வருது.”

படியிறங்கினாள். மேற்கே விலிஸ் மலை தெரியவில்லை. அங்கே மழை கறுத்துக் கட்டிக்கொண்டு நின்றது. முதல் காற்றில் தெருவிலிருந்த மின்கம்பிகள் ஒன்றோடொன்று உரசின. துணி எடுக்கப் பெண்கள் ஓடினார்கள். பக்ஸோக்காரர் வண்டிக்குத் தார்பாய் கட்டிக்கொண்டிருந்தார். அம்பர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். சீப்பு இருந்தது. அவள் அவசரப்படாமல் நடந்தாள்.